தீவாந்தரம் சென்ற கைகள்

கடல் வழியே மயிலைக்கு வந்தவர்களைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். திருத்தூதர் தோமா கடல் கடந்து வந்து இம்மண்ணில் குருதி சிந்தினார் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் காத்துத் தந்த மரபு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து சாந்தோமில் குடியேறினர். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் அமைத்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் கட்டித் தந்தார். இவர்கள் அனைவரின் பெயரும் நம் ஊரின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது.

இதே கரையிலிருந்து கடல் வழியே சென்றவர்களும் உண்டு. அவர்களுள் ஒரு சாரார் விரும்பிச் சென்றவர்கள் அல்லர். காலில் விலங்கோடு, திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை அற்று அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. குற்றவாளிகளுக்கு வரலாறு எதற்கு என்று கருதினோம் போலும். ஒரு காளைக்கும் ஓர் ஆட்டுக்கும் ஒரு மனிதனின் வாழ்நாள் விலையாக வைக்கப்பட்ட காலத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நமக்கு நன்மை தரும் என எண்ணுகிறோம்.

தீவாந்தர தண்டனை

அந்தக் கொடிய தண்டனைக்கு நம் மக்கள் வைத்த பெயர் தீவாந்தர தண்டனை. வேறு தீவுக்கு அனுப்புதல் என்பதே இச்சொல்லின் பொருள். 1860-இல் இயற்றப்பட்டு 1862-ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மரண தண்டனைக்கு அடுத்த நிலையில் இது வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பே, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், கொலைக்கும் கூட்டுக் கொள்ளைக்கும் இது வழங்கப்பட்டு வந்தது.

அச்சட்டம் திருட்டு என்பதற்கு இலக்கணம் கூறும் இடத்தில் விலங்குகளை மறக்கவில்லை. ஒரு விலங்கை எவ்வகையிலேனும் நகரச் செய்பவன், அந்த விலங்கையே நகர்த்தியவன் ஆகிறான் என்று அது விளக்குகிறது. பிறர் மாட்டைத் தும்பு பிடித்து இழுத்தாலும், பின்னிருந்து ஓட்டினாலும் திருட்டே. உழவு நாட்டுக்கென்று எழுதப்பட்ட சட்டத்தில் இந்த விளக்கம் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

தனியொருவன் மாடு திருடினால் அதற்கு 3 ஆண்டு வரை சிறை. ஆனால் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி, காவலிருந்தவனை அடித்தோ அச்சுறுத்தியோ மாட்டை ஓட்டிச் சென்றால் அது கூட்டுக் கொள்ளை ஆகிவிடும். அதற்கு ஆயுள் முழுவதற்கும் தீவாந்தரம் விதிக்கலாம். முன்பே தண்டனை பெற்ற ஒருவன் மீண்டும் அத்தகைய குற்றத்தில் அகப்பட்டாலும் தீவாந்தரம் செல்ல நேரலாம். தொழுவத்திலிருந்து கடலுக்கு உள்ள தொலைவு அவ்வளவு குறுகியதாக இருந்தது.

இவ்விடத்தில் நம் பழைய வரலாறும் நினைவுக்கு வருகிறது. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வருதலை வெட்சி என்றும், அதனை மீட்டலைக் கரந்தை என்றும் தமிழர் போரின் முதற்படியாக வகுத்தனர். ஆநிரைப் பூசலில் மடிந்தவனுக்கு நடுகல் எடுத்து, அவன் பெயரைப் பொறித்து வணங்கினர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகல், ஆநிரை கவர்ந்த பூசலொன்றில் இறந்த வீரனின் பெயரை இன்றும் நமக்குச் சொல்கிறது. பிற்காலத்தில் தென் மாவட்டங்களில் துப்புக்கூலி என்றொரு வழக்கம் இருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவர் இடையாள் ஒருவர் மூலம் ஒரு தொகையைக் கொடுத்தால், மாடு ஏதேனும் ஓரிடத்தில் கட்டப்பட்ட நிலையில் திரும்பக் கிடைக்கும். இதனை நேர்மையான வழக்கம் என்று எவரும் கூறார். அது அச்சத்தின் மேல் நடந்த வாணிகம். ஆயினும் பறிகொடுத்தவன் மாடு அவனுக்குத் திரும்பியது என்பதை மட்டும் குறித்துக் கொள்வோம்.

குதிரை திருடிய சிறுமி

தீவாந்தரம் என்னும் தண்டனை இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்தது. அங்கு ஆடு, மாடு, குதிரை திருடுவோர் தூக்கிலிடப்படலாம் என்று சட்டம் இருந்தது. 1832-இல்தான் அக்குற்றங்களுக்கு மரண தண்டனை நீக்கப்பட்டது. தூக்கிலிருந்து தப்பியவர்களைக் கடல் கடத்தினர். முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும், அவை விடுதலை பெற்ற பின்னர் 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல்கள் சென்றன. இந்த 80 ஆண்டுகளில் ஆஸ்திரேலியா சென்ற கைதிகள் ஏறத்தாழ 1,62,000 பேர்.

அவர்களுள் ஒருத்தி மேரி ஹேடாக். 1777-இல் லங்காஷயரில் பிறந்தவள். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவள். ஆண் உடை தரித்து, ஆண் பெயர் சூடித் திரிந்த அச்சிறுமி ஒரு குதிரையைத் திருடியதாகப் பிடிபட்டாள். விசாரணைக்குப் பின்னரே அவள் பெண் என்பது வெளிப்பட்டது. 7 ஆண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டு, 1792-இல் சிட்னி வந்து இறங்கியபோது அவளுக்கு வயது 15. இரண்டு ஆண்டுகள் கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த தாமஸ் ரீபி என்பவரை மணந்தாள். கணவர் இந்தியாவோடு வாணிகம் செய்தவர். தம் வீட்டுக்குக் கல்கத்தாவின் எண்டாலிப் பகுதியின் பெயரை அவர் சூட்டினார். 1811-இல் அவர் மறைந்தபோது ஏழு குழந்தைகளோடு நின்ற மேரி, கப்பல்களையும் பண்டகசாலைகளையும் தாமே நடத்திச் செல்வந்தரானார். அந்நாட்டின் முதல் வங்கி 1817-இல் அவருக்குச் சொந்தமான வீட்டில்தான் தொடங்கிற்று. 1855-இல் மறைந்த அவரது உருவத்தை ஆஸ்திரேலியா 1994-இல் தன் 20 டாலர் பணத்தாளில் அச்சிட்டது.

இவ்வளவு உயர்ந்த அப்பெண்மணி, 1828-இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம், தாம் 1821-இல் சுதந்திரமாக வந்தவர் என்றே சொன்னார். 1820-இல் தாயகம் சென்று மீண்டதை அவர் தம் முதல் வருகையாக்கிக் கொண்டார். குதிரை திருடி 38 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தப் பழைய பெயர் அவரைச் சுட்டுக்கொண்டிருந்தது என்பதை உணர்கிறோம். எனினும் அவருடைய நாடு அவரை மறக்கவில்லை. நம்மவர்களின் கதை வேறு.

நெற்றியில் எழுதிய பெயர்

சென்னை மாகாணத்தின் ஊர்களில் தண்டனை பெற்றவர்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். கரையோரத்தில் கப்பல் அணையும் துறைமுகம் சென்னையில் கட்டப்படாத காலம் அது. அலை மோதும் கரையிலிருந்து மசூலாப் படகில் ஏறி, ஆழ்கடலில் நின்ற கப்பலுக்குச் செல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழவு நிலத்தையன்றி வேறொன்றும் அறியாத மனிதன், கடலைக் கண்ட முதல் நாளே அதில் தள்ளப்பட்டான். கடல் கடந்தால் குலம் கெடும் என்ற எண்ணம் வலுவாக இருந்த சமுதாயத்தில் அவன் தன் நாட்டை மட்டுமா இழந்தான்? சாதிசனத்தையும், இறந்தால் கொள்ளி வைக்கும் மகனையும் சேர்த்தே இழந்தான். தண்டனை வகுத்தவர்கள் இந்த அச்சத்தை நன்கு அறிந்திருந்தனர்; அதனையே தண்டனையின் பாதி வலிமையாகக் கொண்டனர்.

ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் தீர்ப்பு விவரத்தையும் பச்சை குத்தும் வழக்கமும் இருந்தது. 1849-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. ஆநிரை கவர்ந்தவன் பெயரைக் கல்லில் எழுதிய நாட்டில், மாடு கவர்ந்தவன் பெயரை அவன் தோலிலேயே எழுதியது கம்பெனி ஆட்சி.

கம்பெனி இவர்களை 1787 முதல் சுமத்ராத் தீவின் பெங்கூலனுக்கும், அதனை அடுத்துப் பினாங்குக்கும் அனுப்பியது. காடு திருத்தவும் சாலை போடவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது. குற்றத்துக்குத் தண்டனை என்பது சொல்லளவில்; தீவுக்கு உழைப்பு என்பது செயலளவில். நீதியின் தராசில் இன்னொருவருடைய தேவையும் ஏறி அமர்ந்துகொள்ளும்போது, தீர்ப்பின் எடை கூடிவிடுவது இயல்பன்றோ?

வீரர்களும் இவ்வழியே சென்றனர். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பின்னர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1818-இல் பினாங்கு சென்ற ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் அங்கே துரைசாமியைக் கண்டார். இளமையில் தாம் அறிந்திருந்த அந்தப் பையன் முதுமை எய்தியவனைப்போல் தளர்ந்து நின்றதைக் கண்டு மனம் வருந்தி எழுதி வைத்தார். துரைசாமிக்கு இன்று தமிழகத்தில் நினைவும் போற்றுதலும் உண்டு. அது மிகவும் தகும். ஆனால் அதே கடலில் சென்ற திருடனுக்கு வருந்த ஒரு வெல்ஷ் இல்லை.

சென்னைச் சாந்து

1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பெங்கூலன் டச்சுக்காரர் வசமானது. அங்கிருந்த கைதிகளைக் கம்பெனி சிங்கப்பூருக்கு மாற்றியது. 1825 ஏப்ரல் 18 அன்று வந்து சேர்ந்த முதல் தொகுதி, சென்னை மாகாணத்தில் தண்டனை பெற்ற 80 பேரைக் கொண்டது. சில நாட்களில் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். இவர்கள் எல்லாரும் மாடு திருடியவர்கள் அல்லர். கொலை செய்தவரும் வழிப்பறி செய்தவரும் இவர்களுள் இருந்தனர். ஆனால் அத்தீவில் அனைவருக்கும் பெயர் ஒன்றே: கைதி.

பிற்காலத்தில் இக்கைதிகளின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய மேஜர் மக்நேர் 1899-இல் வெளியிட்ட நூல் அவர்களது வாழ்வை விரித்துரைக்கிறது. அவர்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தனர். புதிதாக வந்தவன் நான்காம் வகுப்பு. நன்னடத்தை காட்டினால் மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்து சாலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போவான். பின்னர் இரண்டாம் வகுப்பில், மற்றக் கைதிகளுக்குக் காவலனாகவே அமர்த்தப்படுவான். முதல் வகுப்பினர் அனுமதிச் சீட்டுப் பெற்று வெளியே வாழலாம், பிழைப்புத் தேடலாம். ஒழுங்கு தவறியவன் ஐந்தாம் வகுப்புக்கு இறக்கப்பட்டு விலங்கு பூணுவான். முதியோரும் நோயுற்றோரும் ஆறாம் வகுப்பு. கைதிகளுக்குக் கைதிகளே காவல் என்ற இம்முறை அக்காலத்தில் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. நம்பப்பட்ட மனிதன் பெரும்பாலும் நம்பிக்கைக்கு உரியவனாகவே நடந்துகொண்டான் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

சிங்கப்பூரின் சாலைகள் பலவும், 1867 முதல் 1869 வரை எழுந்த ஆளுநர் மாளிகையும் அவர்களது கைவேலை. அவை அனைத்தினும் சிறந்தது ஆங்கிலிக்கன் சபையாரின் புனித அந்திரேயா பேராலயம். 1856 மார்ச் 4 அன்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1862 சனவரியில் அது அருட்பொழிவு செய்யப்பட்டது. வெண்மையாய் ஒளிரும் அதன் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது நம் சென்னைச் சாந்து. மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்தனர். பூச்சு உலர்ந்ததும் வழவழப்பான கல்லால் நாள் கணக்கில் தேய்த்து மெருகேற்றினர். மயிலையின் பழைய வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழில் எத்தகையது என்று சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே நம் சிந்தனை நிற்கிறது. மாட்டைக் களவாடியவை என்றும், வழிப்போக்கரை மறித்தவை என்றும் தீர்ப்பளிக்கப்பட்ட கைகள் ஓர் இறை இல்லத்தின் சுவரை மெருகேற்றின. அவர்களுள் பெரும்பாலோர் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களும் அல்லர். அடிக்கல் நாட்டியவர் பெயரும் வடிவமைத்தவர் பெயரும் வரலாற்று நூல்களில் உள்ளன. சுவரைத் தேய்த்தவர்களோ அந்நூல்களில் பெரும்பாலும் தொகையாகவே வருகின்றனர்: 80 பேர், 122 பேர் என்று.

திரும்பாத பயணம்

சிங்கப்பூரின் கைதிக் குடியிருப்பு 1873-இல் மூடப்பட்டது. தண்டனை முடியாதோர் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். விடுதலை பெற்றவர்கள் பலர் அங்கேயே தங்கி, உள்ளூரில் மணம் புரிந்து, மற்ற மக்களோடு கலந்து மறைந்தனர். அவர்களுள் வண்டி வைத்துப் பிழைத்தவரும், சாலை ஒப்பந்தம் எடுத்தவரும், பசு வளர்த்துப் பால் விற்றவரும் இருந்தனர் என்று மக்நேர் எழுதுகிறார். பிறர் மாட்டைத் திருடியதற்காகக் கடல் கடத்தப்பட்டவன் எவனேனும், முதுமையில் தன் சொந்தப் பசுவின் மடியில் கை வைத்தபோது என்ன நினைத்திருப்பான்? ஊரில் ஒரு பசு சொந்தமாக இருந்திருந்தால் அவன் இங்கு வந்திருக்கவே வேண்டியதில்லையே என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்தமானில் போர்ட் பிளேர் கைதிக் குடியிருப்பு 1858 மார்ச்சில் தொடங்கிவிட்டது. சென்னையில் 1837-இல் எழுந்த பெரிய சிறை, அங்கே அனுப்பப்படுவோர் கப்பலுக்குக் காத்திருக்கும் இடமாகவும் விளங்கிற்று. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே இருந்த அச்சிறை 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டது; பழைய கட்டடத்தை 2009-இல் இடித்தனர். அதற்கு முன்பே, 1955-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தீவாந்தரம் என்ற தண்டனையை ஏட்டிலிருந்து நீக்கி, அந்த இடத்தில் ஆயுள் சிறையை வைத்தது. சுதந்திர இந்தியா செய்த நற்செயல்களுள் அதுவும் ஒன்று.

ஈடு செய்தல்

திருட்டை நாம் எளிதாகக் கருதவில்லை. ஓர் உழவனுக்கு ஒரு காளை என்பது ஓராண்டு உழவு. சில நேரங்களில் ஒரு குடும்பத்தின் முழு முதல். விடியலில் வெறும் தொழுவத்தைக் கண்டவனின் வயிற்றெரிச்சலை அறியாமல் திருடனுக்கு மட்டும் இரங்குவது நீதியாகாது. ஆயினும் ஒன்று கேட்போம். திருடனைத் தீவாந்தரம் அனுப்பியதால் அந்த உழவனுக்குக் கிடைத்தது என்ன? அவன் ஏர் மறுநாளும் காளையின்றியே கிடந்தது. திருடனின் உழைப்பு முழுவதும் ஆட்சியாளருக்குப் போயிற்று. இவன் வீட்டில் ஒரு காளை குறைந்தது; அவன் வீட்டில் ஓர் ஆள் குறைந்தான். ஊரில் கணவன் உயிரோடு இருந்தும் கைம்பெண்ணாய் வாழ்ந்த ஒருத்தியும், தந்தையின் பெயரைச் சொல்ல நாணிய பிள்ளைகளும் எந்தக் குற்றமும் செய்யாமலே தண்டனை பெற்றனர்.

விடுதலைப் பயண நூலில் மோசேயின் சட்டம் இதே குற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. மாட்டைத் திருடிக் கொன்றோ விற்றோ விட்டவன் ஒன்றுக்கு ஐந்து மாடுகளும், ஆட்டைத் திருடியவன் ஒன்றுக்கு நான்கு ஆடுகளும் கொடுக்க வேண்டும். திருடிய விலங்கு உயிரோடு கிடைத்தால் இரு மடங்கு போதும். அச்சட்டத்திலும் கடுமை உண்டு. ஈடு செய்ய வழியற்றவன் விற்கப்படலாம் என்றே அது கூறுகிறது. அடிமை முறை நிலவிய காலத்தின் சுவடு அது. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் நடுவே ஓர் உண்மை ஒளிர்கிறது. திருடியவன் பறிகொடுத்தவன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அவன் இழப்பை ஈடு செய்ய வேண்டும். ஈடு செய்தபின் அதே ஊரில் வாழலாம். தீவாந்தரம் இம்மூன்றையும் இல்லாமல் ஆக்கியது.

இன்று எவரையும் நாம் கடல் கடத்துவதில்லை. ஆனால் தீவுகள் கடலில் மட்டும்தான் இருக்கின்றனவா? சிறை சென்று மீண்டவனுக்கு வாடகைக்கு வீடு தர மறுக்கும் தெரு ஒரு தீவு அன்றோ? அவன் மகளைப் பெண் கேட்கத் தயங்கும் உறவு இன்னொரு தீவு. நெற்றியில் பச்சை குத்தும் வழக்கம் 1849-இல் ஒழிந்தது என்று ஏடுகள் கூறுகின்றன. ஒருவனைக் கண்டதும் அவன் செய்த குற்றத்தை முதலில் நினைத்து, பெயரை அப்புறம் நினைக்கும் பழக்கம் நம்மிடம் உள்ளவரை, அந்த ஊசி நம் கையில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் செல்லும் நம் மக்கள் பலர் அந்த வெண்ணிறப் பேராலயத்தைக் காண்கின்றனர். அதன் சுவரருகே நிற்க வாய்ப்போர், அதனைத் தேய்த்தவர்கள் நம் ஊர்களிலிருந்து விலங்கோடு சென்றவர்கள் என்பதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அவர்கள் செய்த குற்றத்தையும் சொல்லட்டும். அவர்கள் செய்த வேலையையும் சொல்லட்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் ஒரு மனிதனின் வாழ்வை முழுமையாகச் சொன்னவர்கள் ஆவோம்.